சரிவில் கட்ட முடியாது

குன்னூரில் வால்வு திறக்கிறவன் நான்.
தூக்கம் வராத ராத்திரிகளில்
பழைய கம்ப்யூட்டரில் மேயர்.

கட்டம் கட்டமாய்ப் புல்.
ஒரே இழுப்பில் குழாய்,
அடுத்த நொடி ஊரே நீலம்.
பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை என்று
அங்கே எவனும் சொல்வதில்லை.
கடைசி வீட்டுக்கும் அதே அழுத்தம்.
இதற்காகவே கண் எரிய எரிய உட்கார்ந்திருக்கிறேன்.

மேடு வந்தால் மட்டும்
சிவப்பில் எழுதுகிறது:
சரிவில் கட்ட முடியாது.
புல்டோசரை வைத்து ஒரு சொடுக்கு,
மலை தட்டாகிவிடும். கஜானாவில் இருபது கழியும்.
மண் எங்கே போனதென்று கேட்க ஆளில்லை.
பேரிடர்ப் பட்டியலில்
பல்லி மாதிரி ஒரு பூதம் உண்டு,
பறக்கும் தட்டு உண்டு;
நவம்பர் மழை இல்லை.

படிக்கட்டும் இல்லை.
எங்கள் லைனில் நூற்றுப் பதினாலு படி.
அறுபதாவதில் குடத்தை இறக்கிவைத்து
ஸ்டெல்லாக்கா என்னைத் திட்டுவாள்,
அப்பன் பெயரோடு சேர்த்து.
அதே மூச்சில்,
"டீ குடிச்சியா?"

அவளுக்கு எட்டுப் புள்ளி அகலத்தில்
ஒரு வீடு வைத்தேன், சமதளத்தில், கடல் பக்கம்.
ஜன்னலில் மஞ்சள் எரிகிறது.
எவ்வளவு பெரிதாக்கினாலும்
யாரும் வெளியே வரவில்லை.

மணி நாலரை.
இரும்புச் சாவியை எடுக்கிறேன்.
இன்று அவள் லைன்.