கல்லுக்கு ஒரு படம்

லம்ஸீரா மேல்மாடியிலிருந்து இறங்கி வந்து
என் கதவை முழங்கையால் தட்டினாள்.
இரண்டு கையிலும் மாவு.
"ஒரு படம் எடு. கல்லில் செதுக்க."

குத்தாய்ஸியில் இது அதிசயமான வேண்டுகோள் இல்லை.
அவள் கணவன் ஓத்தார்
பதினோரு வருடமாகக் கறுப்புப் பளிங்கில் இருக்கிறான்,
பக்கத்தில் பாதிக் கல் காலியாக.
"ஒவ்வொரு ஈஸ்டருக்கும் அந்தக் காலி இடம் என்னை முறைக்கிறது.
செதுக்குபவன் கறுப்பு வெள்ளையில்தான் கேட்கிறான்.
கலர்ப் படத்தில் அவனுக்கு
மூக்கு எங்கே முடிகிறதென்று தெரியாதாம்."

பகலில் நான் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள்.
மூச்சை இழுங்கள், பிடியுங்கள், விடுங்கள்.
அங்கே இப்போது எல்லாம் திரையில்.
மாலையில் குளியலறைக் கதவிடுக்கில் துண்டைத் திணித்து
டெவலப்பர் பாட்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வேன்,
கேஸ் வராத நாட்களில்
இருபது டிகிரிக்கு வேறு வழியில்லை.

மகன் ரெஸோ வெளியே நின்று கத்துவான்:
போனில் ஒரு தட்டுத் தட்டினால் கலர் போய்விடுமே அம்மா,
நான் எப்போது பல் தேய்ப்பது?

போய்விடும்தான்.
எடுத்தபின் போவது வேறு,
எடுக்கும்போதே இல்லாதது வேறு.
நவம்பரில் எங்கள் தெருப் பெர்சிமன் மரம்
இலையெல்லாம் கொட்டிப் பழமாக மட்டும் நிற்கும்.
போவோர் வருவோர் எல்லாரும் ஆரஞ்சைப் பார்ப்பார்கள்.
என் படத்தில்தான்
அதற்குக் கிளைகள் இருப்பதே எனக்குத் தெரிந்தது.

லம்ஸீராவிடம் நாலு கறுப்பு இருந்தன.
தேவாலயத்துக்கு ஒன்று, சந்தைக்கு ஒன்று,
பிறர் சாவுக்கு ஒன்று,
துவைத்துத் துவைத்துப் பழுப்பேறியது ஒன்று.
கட்டிலில் பரப்பி, எது என்றாள்.
கண்ணுக்கு நாலும் ஒன்றுதான்.
ஃபிலிமுக்கு நாலும் நாலு.
பழுப்பேறியதைக் காட்டினேன். திட்டினாள். உடுத்தினாள்.

ஜன்னலோரம் நாற்காலி. பதினாறு முறை அழுத்தினேன்.
பதினாறிலும் உதடு தைத்ததுபோல் இருந்தாள்;
கல்லில் யாராவது சிரிப்பார்களா?
பிறகு மேலிருந்து கருகும் வாசனை.
"ஐயோ, என் கச்சாபுரி!"
எழுந்தாள், பாவாடையை அள்ளினாள், சிரித்தாள்.
விரல் தானாக அழுத்தியது பதினேழை.

மறுநாள் ரெஸோவின் சாக்ஸுக்குப் பக்கத்தில்
துணிக் கிளிப்பில் தொங்கியது சுருள்.
கேட்காமலே உள்ளே வந்தவள்
அதை விளக்குக்கு நேரே பிடித்தாள்.
நரைத்த தலை கருகருவென்று.
பின்னால் ஜன்னல் ராத்திரியாக.
கழுத்திலிருந்து கணுக்கால்வரை வெறும் வெளிச்சம்,
அதை இரண்டு கையால் அள்ளிக்கொண்டு
எங்கேயோ ஓடுகிறாள் ஒருத்தி.

"யாருக்கடி கல்யாணம்?" என்றாள்.
பிறகு வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.
குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

பிரிண்ட் போட்டால் சரியாகிவிடும் என்றேன்.
கறுப்பு கறுப்பாகும், வெள்ளை வெள்ளையாகும்.

"அப்படியென்றால் போடாதே."

நெகட்டிவை ஓரத்தில் மட்டும் தொடுகிறவள் நான்,
பிறர் தும்மினாலே பதறுகிறவள்.
அவள் என் சமையலறைக் கத்தரியை எடுத்து
பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவிலிருந்ததை வெட்டி
பஸ் கார்டுக்கும் புனிதர் படத்துக்கும் இடையில் செருகி
பர்ஸை மூடினாள். கட்டைவிரல் ரேகையோடு.

கல்லுக்கு ஒன்பதாம் எண் போதுமாக இருந்தது.
நேரான பார்வை, முறைப்பு.
செதுக்குபவனுக்குப் பரம திருப்தி,
மூக்கு முடியும் இடம் தெரிகிறதாம்.

சுருளை வரிசையாக அடுக்கி ஒரே தாளில் பிரதி எடுத்தபோது
இல்லாத படத்தின் வழியே
ஒளி தடையில்லாமல் இறங்கியிருந்தது.
நாலில் எதுவும் இல்லாத கறுப்பு.
ரெஸோ எட்டிப் பார்த்து, இது என்ன தப்பு என்றான்.
சாக்ஸை எடுத்துக்கொண்டு போ என்றேன்.