ஈரப்பதம் பதினேழு

மணி அடிக்கக் கூடாது என்பது ஏற்பாடு.
இரண்டிரண்டாய், இடது ஓரமாய்,
நாற்பத்து மூன்று சைக்கிள்கள்
வடபடுகையிலிருந்து கோரையாற்றுப் பாலம் வரை.
பாதிக்குமேல் பள்ளியில் கொடுத்தவை.
ஒன்றின் கேரியரில் இன்னும் மீன்பெட்டி.
கால் போன டெய்லர் அந்தோணிசாமி மட்டும்
டாட்டா ஏஸில், தன் சைக்கிளைப் பிடித்தபடி.
நான் கடைசி வரிசை.

வைரக்கண்ணு டேங்க் ஆபரேட்டர்.
நாலரைக்குப் போய் மோட்டார் போடுவார்.
ஐந்தேகாலுக்குத் தெருக்குழாய் இருமும்,
காற்றைக் கக்கும், பிறகு தண்ணீர்.
போன மாசி ஒன்பதாம் தேதி
குழாய் இருமவில்லை.
குடத்தோடு நின்றவர்கள் முதலில் அவரைத் திட்டினார்கள்.
செய்தி அதற்குப் பிறகுதான் வந்தது.

மணல் லாரி என்று எழுதினார்கள்.
மணல் லாரிதான். நம்பரும் கிடைத்தது.
டிரைவர் மூன்று மாதம் உள்ளே இருந்தான்.
ஆனால் அன்றிரவு அந்த ரோட்டில்
பாதி அகலத்துக்கு என் நெல் கிடந்தது.
கொள்முதல் நிலையத்தில் அளந்துவிட்டு
இருபத்தொன்று, பதினேழுக்குக் கொண்டுவா என்றார்கள்.
வயல் சேறு. களம் பெயர்ந்து மூன்று வருஷம்.
தார் ரோட்டுக்குத்தான் சூடு இருக்கிறது.
குவித்து, தார்ப்பாய் போர்த்தி,
பறக்காமல் இருக்கச் சுற்றிலும் கல் வைத்தேன்.
கறுப்பு ரோட்டில் கறுப்புப் பாய்.
ஏழு கல்.

போலீஸ் வருமுன்
ஏழு கல்லையும் தூக்கி வந்துவிட்டேன்.
ஒன்று ஈரமாக இருந்தது.
பனி என்று சொல்லிக்கொண்டேன்.
அந்த நெல் பதினாறரைக்கு எடுபட்டது.
பணம் வங்கியில் ஏறியது.

இன்று, பாலத்துக்கு முந்தைய வளைவில்
முன்னால் போனவர் கையைத் தூக்கினார்: ஒதுங்கு.
அங்கேயும் நெல். யாருடையதோ.
ஓரத்தில் கற்கள், நடுவில் ஒடித்த புங்கங்கிளை.
எல்லாச் சைக்கிளும் ஒற்றை வரிசையாயின.
எதிரே வந்த பஸ் நின்று ஹாரன் அடித்தது.

சுகந்தி இறங்கினாள். அவர் மகள்.
இப்போது மோட்டார் போடுவது அவள்தான்.
சைக்கிளுக்கு ஸ்டாண்ட் போட்டுவிட்டு
ஒவ்வொரு கல்லாகத் தூக்கி
வாய்க்காலில் போட்டாள்.
நெல்லை மட்டும் மிதிக்கவில்லை.
யாரும் பேசவில்லை.
எண்ணினேன். ஐந்து.

பாலத்துக் கம்பியில் கட்டியிருக்கும்
வெள்ளையடித்த சைக்கிளுக்குக் கதம்பம் போட்டார்கள்.
சூடம் கொளுத்தக் காற்று விடவில்லை.
அங்கே மட்டும் மணி அடிக்கலாம்.
அந்தோணிசாமி வண்டிக்குள்ளிருந்து விடாமல் அடித்தார்.
என் மணி துருப்பிடித்தது என்று
பக்கத்துப் பையனிடம் சொன்னேன்.
அவன் கேட்கவே இல்லை.

அந்த ஏழு கல்லும் கொல்லையில்தான் இருக்கின்றன,
துவைக்கும் கல்லுக்கு அண்டைகொடுத்து.
தினமும் அவற்றின்மேல் ஓடுகிறது
அவள் திறந்துவிடும் தண்ணீர்.

இந்தப் போகமும் அறுத்தாயிற்று.
காலையில் அளந்து சொன்னார்கள்.
இருபது.