குறிப்புகள் என்ற கட்டத்தில்

சிவப்பை வாங்காதீர்கள்.
வாங்கித்தான் தீருவேன் என்றால்
நிறத்துக்காக வாங்காதீர்கள்.
குதிரைத்திறன் எத்தனை என்று கேட்பவரிடம்
எடை எத்தனை என்று திருப்பிக் கேட்பேன்.
நானூறு குதிரைகளைப் பூட்டிக் கொண்டுபோய்
சில்க் போர்டு சிக்னலில் நிறுத்தினால்
நானூறும் நின்றுகொண்டேதான் தின்னும்.

எஞ்சினைக் கழுவிப் பளபளவென்று காட்டுகிறவரிடம்
இரண்டடி தள்ளி நில்லுங்கள்.
எண்ணெய்க் கசிவு பொய் சொல்லாது, ஷாம்பூ சொல்லும்.
டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும்,
எந்த வாரம், எந்த வருடம் என்று.
ஓடோமீட்டரைவிட அதற்கு ஞாபகம் அதிகம்.
டெல்லிப் பதிவெண் மலிவென்று பாயாதீர்கள்,
சாலை வரி இங்கே சாப்பிடாமல் காத்திருக்கிறது.
விலை பேசும்போது காரைப் பார்க்கவே பார்க்காதீர்கள்,
உங்கள் கண்ணைப் பார்த்தே
இரண்டு லட்சம் ஏற்றுவார்கள்.
இடது காலுக்கு வேலை தராத காரை
ஸ்போர்ட்ஸ் கார் என்று நான் சொல்வதில்லை.
சோபா என்பேன்.

பழைய கார்களைப் பரிசோதித்து அறிக்கை தருவது பிழைப்பு.
காருக்கு மூவாயிரம், பெட்ரோல் தனி.
என்னுடையது பன்னிரண்டு வயது வேகன் ஆர்.
அதில் போய் இறங்கித்தான்
அறுபது லட்சத்தின் வயிற்றுக்கடியில் படுப்பேன்.
காவலாளிகள் ஏசி மெக்கானிக் என்று நினைத்து
சர்வீஸ் லிஃப்டைக் காட்டுவார்கள்.

ஒயிட்ஃபீல்டு அடித்தளங்களில் பார்த்துவிட்டேன்
உறை போர்த்திக் கிடப்பவற்றை, வரிசை வரிசையாக.
ஞாயிறு விடியலில் நந்திமலைப் பக்கம் போய்
ஒரு தட்டு இட்லி தின்று திரும்ப
மாதம் ஒன்றேகால் லட்சம் தவணை.

குக் டவுனில் ஜரீன் மிஸ்திரியின் கார் வேறு மாதிரி.
இரண்டே இருக்கை. துணிக்கூரை. பாசிப்பச்சை.
ஒன்பது வருடத்தில் பதினோராயிரம் கிலோமீட்டர்.
முழங்கால் மாற்றியாகிவிட்டது, என்றார்.
உட்கார முடிகிறது, எழத்தான் ஆள் வேண்டும்.
வாரம் ஒருமுறை உட்கார்ந்து ஸ்டார்ட் செய்து
சமையற்காரர் வந்து தூக்கிவிடும்வரை
அப்படியே இருப்பாராம்.
சாவியைத் தந்தார்:
“ஓட்டுங்கள். வெளியிலிருந்து இதன் சத்தம்
எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாது.”

ஹென்னூர் சாலையில் தண்ணீர் லாரி, பள்ளி வேன்,
எதற்கோ தோண்டி எவரோ மறந்த பள்ளம்.
முதல் கியர். இரண்டாவது. முதல்.
பாகலூர் பக்கம் ஒரு டிப்பர் திரும்பிப் போனதில்
திடீரென்று சாலை காலி.
மூன்றாவது.

நாலு வினாடி இருக்கும்.
ஐந்து என்றால் பொய்.

அப்புறம் வேகத்தடை.
குறுக்காக ஏறி, குறுக்காக இறங்கினேன்.

திரும்பியபோது கேட்டுக்கு வெளியே
நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.
“மூன்றாவது போட்டீர்களா?”
போட்டேன்.
“இங்கே கேட்கவில்லையே.”
தெருவில் இன்னொரு முறை,
இரண்டாவதிலேயே, கொஞ்சம் அதட்டி ஓட்டிக் காட்டினேன்.
எதிர்வீட்டு நாய் எழுந்து உள்ளே போனது.
அவர் தலையை ஒருபுறம் சாய்த்துக்கொண்டு
எதுவும் சொல்லவில்லை.

அன்றிரவு வாடிக்கையாளருக்கு அறிக்கை போயிற்று.
சர்ஜாபூர் சாலையில் அவருக்கு ஏற்கெனவே
உறை போட்ட இரண்டு நிற்கின்றன.
டயர்களுக்கு ஏழு வயது.
இடது கதவு மறுபடி வண்ணம் பூசியது.
கூரைத் துணியில் தையல் விட்டிருக்கிறது.
எல்லாம் உண்மை.
குறிப்புகள் என்ற கட்டத்தில்:
வாங்க வேண்டாம்.
அதுவும் உண்மையா என்று அவர் கேட்கவில்லை.
மூவாயிரம் வந்து சேர்ந்தது.

மூன்று வாரம் கழித்து ஜரீன் மிஸ்திரி அழைத்தார்.
இன்னும் விற்கவில்லையாம்.
பேட்டரி இறங்கிவிட்டது போல, வந்து பார்ப்பீர்களா?
பேட்டரி பார்ப்பது என் வேலையில் சேராது.
சனிக்கிழமை வருகிறேன் என்றேன்.
காலை ஐந்தரை மணி,
தண்ணீர் லாரிகள் கிளம்புவதற்குள்.