வாஷர் ஒன்று மிச்சம்

வில்லாபுரத்தில் எனக்கு எழுபத்து மூன்று வீடு.
ஒரு பத்திரமும் என் பெயரில் இல்லை.
எல்லாம் அரை லிட்டர், ஒரு லிட்டர் கணக்கு.
ஒவ்வொரு வாசலிலும் வண்டியை அணைப்பேன்,
பாக்கெட்டை வைப்பேன்,
பொத்தானை அமுக்குவேன்.
மூன்று வருசத்தை ஒருநாள் பெருக்கிப் பார்த்தேன்:
எண்பதாயிரத்துக்கு அறுபத்தைந்துதான் குறைச்சல்.

செவ்வாய்க்கிழமை, பத்தொன்பதாம் வாசலில்
டக்.
மறுபடி அமுக்கினேன். டக்.
உள்ளிருந்து யாரோ தாழ்ப்பாளைத் தொட்டுவிட்டுத்
திறக்காமலே போன மாதிரி.
இந்த வண்டிக்குக் கிக்கர் கிடையாது,
விற்றவன் அதையே பெருமையாகச் சொன்னான்.
மீதி ஐம்பத்து நான்கு வீட்டுக்கும் தள்ளிக்கொண்டே போனேன்.

சர்வீஸ் சென்டரில் கண்ணாடிக்கு அந்தப்புறம் இருந்தவன்
வண்டியைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தான்.
"அசெம்ப்ளியா மாத்தணும் சார். நாலாயிரத்து அறுநூறு."
உள்ளே என்னதான் போச்சு என்றேன்.
"அதெல்லாம் பிரிக்கிறதில்ல சார்."
பாக்கெட்டுக்கு எனக்கு ஒரு ரூபாய் நாற்பது காசு.
வகுத்துக்கொண்டே வீடு வந்தேன்,
அவனியாபுரம் வரைக்கும் மீதி விழுந்துகொண்டே இருந்தது.

சமையல்கட்டில் சாக்கு விரித்துப் பிரித்தோம்.
நீளமான போல்ட் இரண்டு. மூடியைத் தட்டியதும்
கரித்தூள் கொட்டியது, ஒரு கரண்டி இருக்கும்.
"இம்புட்டையும் தின்னுட்டா எந்திரிச்சுக்கிட்டு இருந்துச்சு?"
என்றாள் பவுன்தாய்.
கார்பன் பிரஷ் இரண்டும் பாசிப்பருப்பு அளவு.
அதற்குமேல் தள்ள ஸ்பிரிங்குக்கு நீளமில்லை.
எண்பதாயிரம் எங்கே போச்சு என்று
அப்போது பார்த்தேன்.

தாலிக்கொடியில் கிடந்த ஊக்கைக் கழற்றி
செம்பு உருளையின் ஒவ்வொரு சந்திலும்
கரியைக் கீறி எடுத்தாள் அவள்.
நான் சிம்மக்கல் போனேன்.
காயில் கட்டும் அமலோற்பவம் அக்காவிடம்
மிக்ஸி பிரஷ் போதுமா என்றேன்.
"மிக்ஸிக்குப் போடுறது மிக்ஸிக்கு.
இதுக்குச் செம்பு கலந்தது வேணும்.
இல்லாட்டி ஒரு மாசத்துல வருவ,
வந்தா முகத்தைக்கூடப் பார்க்க மாட்டேன்."
ஆட்டோ ஸ்டார்ட்டருடையது, ஜோடி அறுபது ரூபாய், கொஞ்சம் பெருசு.
உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து
என் கைரேகையும் கொஞ்சம் போனது.
ஈயம் வைத்ததற்குக் காசு வாங்கவில்லை.

ராத்திரி பதினொன்று. மாட்டி, அமுக்கினேன்.
விர்ரென்று மோட்டார் சுற்றியது.
என்ஜின் அசையவில்லை.
மறுபடி. விர்ர். அவ்வளவுதான்.
நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.
பவுன்தாய் காதைச் சாய்த்துக் கேட்டாள்.
"நம்ம கிரைண்டரை ஒருத்தன் ரிப்பேர் பண்ணி
பின்னால சுத்த விட்டானே,
அதே முனகல்."

கூட்டுக்குள் காந்தம் இரண்டு.
பாதி வட்டம் திருப்பி மூடிவிட்டேன்.
வடக்கு தெற்காகி, மோட்டார் வந்த வழியே ஓடியிருக்கிறது.
பிரிக்கும்முன் ஒரு கோடு கிழித்திருக்கவேண்டும்.
கிழிக்கவில்லை.
திரும்பப் பிரித்து, திருப்பி, மூடி,
மூடிக்கும் கூட்டுக்கும் சேர்த்து
மகளின் நகப்பாலிஷால் அவளே ஒரு கோடு போட்டாள்.
பளீரென்ற ரோஸ்.

இடையில் இரண்டு நாள் சைக்கிளில் போட்டேன் பால்.
நாற்பத்தொன்றாம் வீட்டுப் பையன் பள்ளிக்கூட வேனை விட்டுவிட்டான்.
"உங்க வண்டி ஸ்டார்ட் ஆகுற சத்தந்தாண்ணே எங்களுக்கு அலாரம்"
என்று அவன் அம்மா சண்டைக்கு வந்தாள்.
இப்படி ஒரு சம்பளமில்லாத உத்தியோகம்
எனக்கிருந்தது தெரியாது.

அமுக்கினேன்.
எதிர்வீட்டு நாய் எழுந்து
எங்களைத் திட்டித் தீர்த்தது.

விடியுமுன் சாக்கை உதறினால்
ஒரு வாஷர் உருண்டு அடுப்படியில் நின்றது.
காகிதக் கனம்.
எங்கிருந்து விழுந்தது, தெரியவில்லை.
வண்டி ஓடுகிறது, சத்தமில்லை, சூடில்லை.
"திரும்பப் பிரிப்பமா?" என்றேன்.
அவள் பார்த்த பார்வையில் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

பால் கார்டுகளோடு அங்கேதான் கிடக்கிறது.
எழுபத்து மூன்று வாசலிலும்
பொத்தானுக்குப் போகுமுன் என் விரல்
ஒருதரம் அதைத் தொட்டுவிட்டுப் போகிறது.