உப்புப் போடாத மாவு

அருப்புக்கோட்டையில் மாவை யாரும் எழுப்புவதில்லை.
மூடியைத் தள்ளிக்கொண்டு அதுவே எழுந்து
விடிவதற்குள் அடுப்படி மேடையில் பாதி தூரம் நடந்திருக்கும்.
காலையில் ஒரு பிடி உப்புப் போட்டுக் கலக்கி
அதட்டி உட்கார வைப்போம்.

கோத்தகிரிக்கு மாற்றலாகி வந்த ஐப்பசியில்
மூன்று நாள் மாவு
மூன்று நாளும் தூங்கியது.
கம்பளி சுற்றினேன். அரிசி டின்னுக்குள் இறக்கினேன்.
சௌந்தரபாண்டியன் தன் குரங்குக் குல்லாவைக் கழற்றிக்
குண்டானுக்கு மாட்டிவிட்டுக்
காது குளிர்கிறது என்று படுத்துக்கொண்டார்.

"சகாயம் பேக்கரில கொண்டுபோய் வைங்க" என்றாள்
கீழ்வீட்டு ரங்கி அக்கா,
கடிதத்தைத் தபால்பெட்டியில் போடச் சொல்வதுபோல.

தீபாவளிக்கு முதல் நாள், இரவு பதினொன்று.
மழை.
மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்ததாகப் பேச்சு.
வர்க்கி எடுத்து முடித்த அடுப்பின் தலைமேல்
தெருவே ஏறி உட்கார்ந்திருந்தது:
தூக்குவாளி, குக்கர், பிடி உடைந்த அண்டா.
மூடிகளில் சுண்ணாம்புக் கட்டியால் பெயர்கள்.
வைதேகி டீச்சர். புஸ்பலீலா. சர்வே ஆபீஸ்.
ஒன்றில் பெயரில்லை, 'தொடாதே' என்று மட்டும்.

முட்டை கேக் வேகிற அடுப்பாச்சே என்று
போன வருஷம் யாரோ இழுத்தார்களாம்.
கேக் உள்ளே, குண்டான் மேலே,
நடுவில் ஒன்றரை அடி செங்கல் என்று
சகாயம் டேப் வைத்து அளந்து காட்டினாராம்.

நாலரை மணிக்கு,
எண்ணெய் வைத்த தலையோடு குடை பிடித்து ஓடினோம்.
கரண்ட் இல்லை.
ஆவியில் எழுத்தெல்லாம் வழிந்து போயிருந்தது.
டார்ச் வெளிச்சத்தில்
எந்தக் குண்டானும் என் குண்டான்தான்.

வீட்டில் திறந்தால்
நுரைத்து, குழிகுழியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது,
வெந்தய வாசனையோடு.
நான் வெந்தயம் போடுவதில்லை.
நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன்.
உப்பு இருந்தது, அளவாக.

அப்போதுதான் வயிற்றில் பனி இறங்கியது.
ஊரில் ஏதோ ஒரு வீட்டில்
குளித்து, புதுச்சட்டைக் காலரில் மஞ்சள் தடவி,
லேகியம் நக்கிய வாயைச் சரிசெய்ய உட்கார்ந்து
என் இட்லியைப் பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

தட்டில் முறுக்கும் அதிரசமும் எடுத்துக்கொண்டு
உளவு பார்க்கப் போனேன்.
ரங்கி அக்கா எண்ணெ ஹிட்டு தந்தாள்.
"இட்லியா? இன்னிக்குப் பூரி.
அடுப்புல வச்சது நாளைத் தோசைக்கு."
புஸ்பலீலா கொக்கிஸ் பொரித்துக்கொண்டிருந்தாள்,
ஹட்டனிலிருந்து அவள் அப்பா கப்பலேற்றி வந்த அச்சில்.
"பூப்போல வந்திச்சு" என்றாள், எண்ணெயைவிட்டுக் கண்ணெடுக்காமல்.
வைதேகி டீச்சர் சிரித்தாள்.
அந்தச் சிரிப்பை வைத்து ஒன்றும் முடிவு செய்யமுடியாது,
கணக்கு டீச்சர்.

விளக்கு வைப்பதற்குச் சற்று முன்னால்
வாசலில் ஒரு சத்தம்.
போய்ப் பார்த்தால் ஆளில்லை. என் குண்டான் இருந்தது.
ஏனத்தை வெறுமனே திருப்பக்கூடாது என்பது
மலையிலும் உண்டு போல.
உள்ளே, நாளிதழ்த் துண்டில் மடித்து
ஒரு பிடி கல்லுப்பு.

சௌந்தரபாண்டியன் சிரித்த சிரிப்பில்
குல்லா கண்ணை மறைத்தது.

இப்போது அவர்களுடையது என்னிடம் இருக்கிறது.
அடியில் வெட்டிய எழுத்தைத் தடவிப் பார்த்தேன்.
'காதணி விழா அன்பளிப்பு' தெரிகிறது. வருஷம் தெரிகிறது.
பெயர் இருந்த இடம் மட்டும்
தேய்த்துத் தேய்த்து வழவழப்பாகிவிட்டது.

ஆறு அதிரசம் அடுக்கி
அடுப்பின் தலைமேல் கொண்டுபோய் வைத்தேன்.
"பேர் எழுதலையா?" என்று
சகாயம் சுண்ணாம்புக் கட்டியை நீட்டினார்.
கை ஈரம் என்றேன்.

வீட்டில், சாரல் காற்றுக்கு
உப்பு அதற்குள் கசியத் தொடங்கியிருந்தது,
தாளில் இருந்த ஏதோ நகைக்கடை விளம்பரத்தை
மெல்லக் கரைத்துக்கொண்டு.