ஐம்பத்தெட்டாவது தட்டு

ஐம்பத்தேழு தட்டுகளில் பட்டினி கிடந்தே செத்தன.
நீலப்பூச் செடிகள், இலையெல்லாம் மயிர் அடர்ந்தவை,
நர்சரியில் விற்பது, தேனீக்காரர்கள் விதைப்பது,
தூரத்து உறவென்பதால் தேள்கொடுக்குகூட ஒன்று.
எதையும் தொடவில்லை.
நீண்ட மூக்கை மார்புக்குள் மடக்கிக்கொண்டு
கவிழ்ந்து கிடந்தன கூன்வண்டுகள்.
எனக்குச் சந்தோஷம்.
இந்த வேலை அப்படித்தான்,
சாவுக்கு நேரே ஒரு டிக்.

லெத்பிரிட்ஜ் காற்று லாரியையே கவிழ்க்கும்.
இந்த அறைக்குள் மட்டும் அதற்கு அனுமதியில்லை.
மூன்று கதவுகள். கோட்டுப் பைகளைத் தைத்து மூடியிருக்கிறோம்,
எதுவும் எங்களோடு வெளியேறாதிருக்க.

செர்பியச் சாலையோரங்களில் முழங்காலிட்டு
யொவான்கா பொறுக்கி அனுப்பியவை. ஆறு கோடை.
நாய்நாக்குச் செடியின் விதையைத் தவிர
வேறெதிலும் வாய்வைக்காது என்று
சத்தியம் செய்யாத குறையாக எழுதியிருந்தாள்.

வெஸ் டாலெஃப்சன் வாரம் தவறாமல் போன் செய்வார்.
கன்றின் இமையில் ஒட்டுவிதை.
ஈரல் கெட்டுச் செத்த குதிரை.
"எப்பதான் வருது உன் பூச்சி?"
இதோ, இதோ என்பேன்,
பெண்ணுக்கு நாள் பார்க்கிறவள் மாதிரி.

ஐம்பத்தெட்டு:
மணல்மேட்டில், மழை கண்ட வருஷத்தில் மட்டும் தலைகாட்டுவது.
விரலுயரம். உப்புக்கல் அளவு வெள்ளைப்பூ.
மெடிசின் ஹாட் பக்கம் கொஞ்சம், அங்கே இங்கே கொஞ்சம்.
அதற்காக யாரும் போன் செய்ததில்லை.

செவ்வாய்க்கிழமை, லென்ஸுக்கடியில்,
ஒரு காயில் ஊசித் துளை.
துளைக்குள் முட்டை.
பக்கத்துக் காயிலும்.
விளக்கை அணைத்து மறுபடி போட்டுப் பார்த்தேன்.

நாலாயிரத்துச் சொச்சம்.
டப்பா டப்பாவாக உறைபெட்டியில் அடுக்கினேன்.
ஒரு டப்பாவில் ஏதோ கீறும் சத்தம்,
அல்லது என் கையுறை.
ரப்பர் விளிம்பு சப்பென்று ஒட்டிக்கொண்டது.
யொவான்காவுக்கு ஒரு வரி அனுப்பினேன்.
பதிலாக வந்தது
ஒரு முற்றுப்புள்ளி.

வெஸ்ஸிடம் போனில் சொல்ல மனமில்லை.
அவர் மேய்ச்சலின் நடுவே நின்று சொன்னேன்.
வெகுநேரம் காற்றுதான் பேசியது.
பிறகு அவர்,
"அந்த வெள்ளைப்பூவால யாருக்கு என்ன லாபம்?"
தெரியாது என்றேன்.
கிண்டலில்லை. நிஜமாகவே தெரியாது.

வீட்டு வாசலில் குனிந்து
காலுறையில் ஏறி வந்த விதைகளைப் பிய்த்தேன்.
பூவுக்கு நாலு. நாலும் இருந்தன.
பையிலிட்டு முடிந்து
அந்தப் பையை இன்னொரு பையிலிட்டு முடிந்து
உறைபெட்டியைத் திறந்தேன்,
பட்டாணிப் பொட்டலத்துக்கும் இட்லி மாவுக்கும் நடுவே
இடம் பண்ணி.