மூடியைத் திறக்க முன்

குனிய முன் ஒரு எண் சொல்ல வேண்டும்.
வாய்விட்டு அல்ல, மனதுக்குள்.
கடைசி இரண்டு இலக்கம் மட்டும்.
அதற்குப் பிறகுதான் மூடியில் கை வைக்கலாம்.
சட்டம் என்னுடையது.
நீர் வழங்கல் சபைக்குத் தெரியாது.

ஒரு நாளைக்கு நூற்றிருபது வீடு.
நூற்றிருபது தடவை தோற்கலாம்.
அநேகமாக அதுதான் நடக்கிறது.

ஆரையம்பதியில் நாய்கள்,
காத்தான்குடிக்குள் போனால் பூனைகள்.
பூனைகளுக்கு என்னில் அக்கறையில்லை.
நாய்களோடு வேறு பந்தயம்:
அது குரைக்க முன் நான் “பில்!” என்று கத்திவிட்டால்
ஒரு புள்ளி எனக்கு.
சந்திக் கடையடிச் செவலை
எட்டுக்கு மூன்றில் முன்னால் நிற்கிறது.

சவுந்தரவல்லி அக்கா வீட்டு மீட்டர் குழிக்குள்
ஒரு தவளை குடியிருக்கிறது.
கண்ணாடிக்கு மேலேயே குந்தியிருக்கும்.
“கொஞ்சம் தள்ளுங்க ஐயா, வாசிக்கணும்.”
தள்ளாது.
பேனையால் முதுகைத் தொட்டால்
ஒரு காலை மட்டும் எடுத்து வைக்கும்,
முதல் இரண்டு இலக்கம் தெரியும்.
மற்றக் காலுக்கு இன்னொரு தொடுகை.
போன மாதம் கடைசி இலக்கத்தில் மட்டும்
அசையாமல் இருந்தது.
ஒன்றா, ஏழா?
தவளையின் வயிற்றுக்கு அடியில் எட்டிப் பார்த்துத்தான்
அரசாங்கக் கணக்கை எழுதினேன்.

ஆடி மாதம். கச்சான் வீசுகிறது.
படுவான்கரை வெயிலையெல்லாம் வாரிக்கொண்டு
வாவியைத் தாண்டி வருகிற காற்று,
ஹெல்மெட்டுக்குள் தலை வேகிறது.
பதினொரு மணிக்கு ஒரு சரை வாங்கி
கச்சானுக்குள் நின்று கச்சான் தின்கிறேன்.
இந்தப் பகிடியை வருடா வருடம்
எனக்கு நானே சொல்கிறேன்,
வருடா வருடம் சிரிக்கிறேன்.

கிருபைராசா ஓவர்சியருக்கு
இருபத்தொரு யூனிட் எப்படி வந்ததென்று தெரியவேண்டும்.
“நான் கேக்கன்” என்று தொடங்குவார்,
“நான் கேக்கன்” என்றுதான் மூச்சும் எடுப்பார்.
பில் புத்தகத்துக்குக் கீழே விரல் மடிக்கிறேன்.
இன்றைக்கு ஒன்பது என்று நினைத்திருந்தேன்.
எட்டில் களைத்துவிட்டார்.
“வேற என்னவும் இருக்கா சேர்?” என்றேன்,
மிகவும் பணிவாக.
“நான் கேக்கன்…”
நன்றி சேர்.

எண்ணாமல் திறந்த நாளும் உண்டு.
காலையிலேயே லோன்காரர்கள் வாசலுக்கு வந்துபோன நாள்.
மூடியைத் தூக்கினேன்,
இலக்கம் வெறும் இலக்கமாகக் கிடந்தது.
எழுதினேன். அடுத்த வீடு. எழுதினேன்.
நூற்றிருபது வீடு
அவ்வளவு நீளமென்று
அன்றைக்குத்தான் தெரிந்தது.

இரவு தோஹாவிலிருந்து தங்கச்சி.
“என்ன கா புதினம்?”
“மூண்டு.”
“எனக்கு ரெண்டு” என்கிறாள்.
அவளுக்கு லிஃப்ட்:
கதவு திறக்க முன்
உள்ளே எத்தனை பேரென்று சொல்ல வேண்டும்.
எப்படி இருக்கிறாள் என்று அம்மா கேட்டால்
“சுகம்” என்கிறேன்.
“ரெண்டு” என்று சொன்னால்
அம்மாவுக்கு விளங்காது.

என் வீட்டு மீட்டரை நான் வாசிக்கக் கூடாது.
அதற்கு றிஸ்கான் வருவான்.
ஆனால் பார்க்கக் கூடாதென்று எங்கும் எழுதவில்லை.
ஒன்பது மணிக்கு, போன் வெளிச்சத்தில்,
முற்றத்தில் குந்துகிறேன்.
சிவப்பு இலக்கத்துக்கு
முப்பத்தொன்பது என்று சொல்லித் திறந்தால்
முப்பத்தாறு.

மூன்றுதானே.
ஒரு வாளி தேசி மரத்துக்கு.
முப்பத்தேழு.
இன்னொரு வாளி.
இந்த ஆடியில் இவ்வளவு மரியாதையை
அந்த மரம் எதிர்பார்த்திருக்காது.

கிரிக்கெட் சத்தத்துக்கு மேலால் அவருடைய குரல்:
“ஆரு அங்க தண்ணியத் தொறந்து உட்டிருக்க?”

“சபை!” என்றேன்.

எட்டு கீழே இறங்கிவிட்டது.
ஒன்பதின் தலை மட்டும் மேலே தெரிகிறது.
இன்னும் அரை வாளி போதும்.